பின்சந்தினை மூடலாம், வழியை மூடலாமா?

பினாங்கு ஜெலுத்தோங் பக்கத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பின்லோரோங், அதாவது வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சந்து, இருக்கிறது. 20 அடி அகலம், பன்னிரண்டு வீட்டு நீளம். நுழைகிற இடத்தில் கதவு கழன்ற ஒரு ஃபிரிட்ஜ், காற்றுப் போன ஒரு வேன், அதைத் தாண்டினால் இடுப்பளவு லாலாங் புல். இரண்டு பக்கமும் வரிசை வீடுகளின் முதுகுதான். பின்கதவுகளில் பாதியைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

நான் அப்போது ஒரு சர்வேயர் ஆபீஸில் பிளான் பார்க்கிற வேலையில் இருந்தேன். அந்த லோரோங்கின் மூலைவீட்டுக்காரர் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, பின்னால அந்தச் சந்து சும்மாதான் கிடக்கு. ஒரு ஈ காக்கா போறதில்ல. கவர்மெண்ட்டுகிட்ட கேட்டு வாங்கிட்டா குசினியை நீட்டிக்கலாம். முடியுமா?"

முடியும், முடியாது என்று உடனே சொல்லிவிட முடியாது. சரி, பார்த்துவிட்டு வருவோம் என்று அன்று சாயங்காலமே போனோம். மழை விட்டிருந்த நேரம். ஓரத்து லொங்காங், அந்தத் திறந்த வடிகால், முட்ட முட்ட ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வரிசை வீடுகளின் கூரைத் தண்ணீரும் அதில்தான் விழுகிறது. லாலாங்கைக் காலால் விலக்கினால் கழிவுநீர்க் குழாயின் இரும்பு மூடி. தலைக்கு மேலே தெனாகா மின்கம்பி. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சந்தின் கோடியில் இருக்கும் பலகை வீட்டு அம்மா கேட்டைத் திறந்து, மூன்று சக்கர சைக்கிளில் அட்டைப் பெட்டிகளைக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். "கொஞ்சம் ஒதுங்குங்க தம்பி" என்றார்.

மூலைவீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார்.

யாரும் பயன்படுத்தாத தெருவை அரசாங்கம் மூடி, அந்த நிலத்தை வேறு காரியத்துக்குக் கொடுக்க முடியுமா? முடியும். உலகம் முழுக்க நடக்கிற காரியம்தான். ஆனால் மூடும்போது, அந்த வழியாக இன்னும் போய்க்கொண்டிருக்கிற மனிதர், தண்ணீர், கம்பி எல்லாவற்றுக்கும் உரிமையை எப்படிக் காப்பாற்றி வைப்பது என்பதில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள்.

மண் வேறு, போக்கு வேறு

தெருவைப் பற்றி யோசிக்கும்போது முதலில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கப் பழக வேண்டும். அந்த மண் யாருடையது? அதன்மேல் யாரெல்லாம் போகலாம்? இரண்டுக்கும் ஒரே பதில் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஜார்ஜ் டவுன்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அஞ்சடியைக் காட்டினால் போதும். லெபோ பாசாரில், நம் ஆட்கள் கடைத்தெரு என்று சொல்லும் அந்த வீதியில், கடைவாசல்களைத் தொட்டுக்கொண்டு போகும் கூரை போட்ட நடை இருக்கிறதே, அதுதான். 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்தில் எல்லாக் கடைவீட்டுக்கும் இப்படி ஒரு நடை வேண்டும் என்றார்; அந்தப் பழக்கம் மலாயா நகரங்களுக்கெல்லாம் பரவியது. பல கடைவீடுகளின் கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், உள்ள பிளானைப் பார்த்தால், அஞ்சடி லாட்டுக்குள்தான் இருக்கும். மண் கடைக்காரருடையது. ஆனால் மழைக்கு ஒதுங்கி அந்த வழியாக நடக்கிற நீங்கள் அவரிடம் அனுமதி கேட்டதுண்டா? அவர் சேலை ஸ்டாண்டைக் குறுக்கே போட்டு வழியை அடைத்தால், சொந்த மண்ணிலேயே அபராதச் சமன் வாங்க வேண்டியதுதான்.

பின்லோரோங்கில் பெரும்பாலும் மண் மாநில அரசினுடையது, போக்கு எல்லாருடையது. ஊர் உருவானபோது தோட்டத்தையோ காலி நிலத்தையோ லாட் லாட்டாகப் பிரித்தவர், தெருவுக்கும் லொங்காங்குக்கும் உள்ள நிலத்தை அரசாங்கத்திடம் ஒப்படைத்திருப்பார். பிரிக்கிற ஒவ்வொரு லாட்டுக்கும் போய்வர ஒரு வழி இருந்தாக வேண்டும் என்பது நிலச் சட்டத்தின் நிபந்தனை. அதனால் நம்முடைய வீட்டு கிராண்ட் பிறந்ததே அந்தத் தெருவை நம்பித்தான்.

எல்லாத் தெருவும் இப்படியில்லை. சில தெருக்கள் அரசிதழில் ரிசாப் ஜாலான், அதாவது சாலைக்கு ஒதுக்கிய நிலம், என்று அறிவிக்கப்பட்டிருக்கும். ஜார்ஜ் டவுனின் பழைய பகுதிகளில் சில சந்துகள் இன்னும் தனியார் பெயரில்தான் கிடக்கின்றன. எப்போதோ வீடு கட்டி விற்ற குடும்பத்தின் பெயர் கிராண்டில் அப்படியே இருக்கும், அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அது ஞாபகத்தில் இருக்காது. அப்படித் தனியார் பெயரில் இருந்தாலும் வேலி போட்டுவிட முடியாது. தெரு, வடிகால், கட்டடச் சட்டம் 1974, 'தெரு' என்ற சொல்லுக்குத் தாராளமாக ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. இரண்டோ அதற்கு மேற்பட்டோ உள்ள மனைகளுக்குப் போகும் வழியாக இருந்தால், பொதுமக்களுக்கு அதில் போகும் உரிமை இருக்கிறதோ இல்லையோ, அந்தச் சட்டத்தின் பார்வையில் அது தெருதான்.

அதனால் எவராவது 'இந்தச் சந்தை வாங்க முடியுமா' என்று கேட்டால், நான் முதலில் நில அலுவலகத்தில் ஒரு தேடல் போடச் சொல்வேன். அப்புறம் நில அளவைத் துறையின் சான்றுபெற்ற பிளான். தெருவின் பிறப்புச் சான்றிதழ் அதுதான். பழைய பிளான்களில் சாலை ரிசாபின் அகலம் 66 அடி என்று அடிக்கடி கண்ணில் படும். ஏன் இந்த வினோதமான எண் என்று நானும் யோசித்ததுண்டு. சர்வேயர் கையில் இருந்த சங்கிலியின் நீளம் 66 அடி. ஒரு சங்கிலி, ஒரு சாலை, அவ்வளவுதான். அந்தக் காலத்து நில அளவைத் துறையில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் நிறையப் பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். பழைய பிளானில் அழகான கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான் வரும்.

மூடுவது என்றால் எந்த மூடுவது?

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் சாலையை மூடுகிறார்கள். ரதம் போகும், தண்ணீர்ப் பந்தல் நிற்கும், மூன்றாம் நாள் கூம்பை எடுத்துவிட்டால் பழையபடி கார் ஓடும். அது போக்குவரத்தை நிறுத்தி வைப்பது. தெருவின் அந்தஸ்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

இரண்டாவது வகை, யாரும் மூடாமலேயே மூடிப்போவது. ஒருவர் பூச்செடி வைப்பார், அடுத்தவர் துணிக்கொடி கட்டுவார், இன்னொருவர் குசினிக்கு ஆஸ்பெஸ்டாஸ் இறக்குவார், நாலாமவர் சுவரே எழுப்பிவிடுவார். நாற்பது வருடம் கழித்துப் பார்த்தால் சந்து இருந்த சுவடே இருக்காது. ஆனால் பிளானில் அது அப்படியே 20 அடியாக இருக்கும். அரசு நிலத்தை எத்தனை வருடம் வைத்திருந்தாலும் சொந்தமாகாது என்று தேசிய நிலச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு பளிச்சென்று சொல்கிறது. 'எங்க அப்பா காலத்திலேருந்து இங்கதான் இருக்கு' என்ற பேச்சு அங்கே எடுபடாது.

நாம் பேசுவது மூன்றாவது வகையைப் பற்றி. தெரு என்ற அந்தஸ்தையே சட்டப்படி எடுத்துவிடுவது. பிரிட்டிஷ் வழிச் சட்டத்தில் ஒரு பழைய விதி உண்டு: ஒருமுறை பொதுவழியாகிவிட்டால் அது எப்போதும் பொதுவழிதான். ஆள் நடக்காததால், புல் முளைத்ததால், ஃபிரிட்ஜ் கிடப்பதால் அந்த உரிமை தானாகச் சாகாது. அதைச் சாகடிக்க முறையான ஒரு உத்தரவு வேண்டும்.

இங்கே அந்த உத்தரவு மாநகர் மன்றத்திடமிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். மன்றம் குப்பை அள்ளும், தார் போடும், ஆட்சேபம் சொல்லும், ஆதரவும் சொல்லும். ஆனால் நிலம் மாநில விஷயம். பினாங்கில் மாநில ஆட்சிக்குழுவின் முடிவு இல்லாமல் ஒரு அடி கை மாறாது. கோலாலம்பூரில் மாநில அரசே கிடையாது. 1974 பிப்ரவரி 1 முதல் கூட்டரசுப் பிரதேசம் என்பதால் அந்த இடத்தில் கூட்டரசு அரசாங்கம் உட்கார்ந்திருக்கிறது.

அரசிதழில் ரிசாப் என்று போட்ட நிலமாக இருந்தால் தேசிய நிலச் சட்டத்தின் 64-ஆம் பிரிவின்படி அதை ரத்து செய்ய வேண்டும். அதற்கு முன்னால் அறிவிப்பு வெளியிட்டு, விசாரணைக்கு நாள் குறித்து, ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். இந்த அறிவிப்பைத்தான் நம் ஆட்கள் தவற விடுகிறார்கள். சந்துக் கோடியில் வீடு இருக்கிறவர் அன்றைக்கு எழுந்து நின்று, 'ஐயா, எனக்கு வேறு வழியில்லை' என்று சொன்னால் அது கோப்பில் ஏறும். பிறகு வந்து சொன்னால் அழுகைதான் மிஞ்சும்.

என் அக்கா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே இதே காரியத்துக்கு வேறு நடைமுறை. நகர மன்றமே கூடி, மக்கள் கருத்தைக் கேட்டு, தீர்மானம் போட்டுத் தெருவை விடுவித்துவிடும். பல மாநிலங்களில் தெருவின் நடுக்கோடு வரைக்கும் இந்தப் பக்கத்துக்காரருக்கு, அந்தப் பக்கம் அந்தப் பக்கத்துக்காரருக்கு என்று மண் போய்ச் சேர்ந்துவிடும். ஏனென்றால் அங்கே பெரும்பாலும் ஆதியிலிருந்தே மண் அவர்களுடையது, மக்களுக்கு இருந்தது போக்குரிமை மட்டும்தான் என்று கணக்கு. குழாய், கம்பிக்கான உரிமையை அந்தத் தீர்மானத்திலேயே 'இதை எங்களிடமே வைத்துக்கொள்கிறோம்' என்று ஒரு வரியில் எழுதிவிடுவார்கள்.

இங்கே தெருவை மூடினால் மண் பக்கத்து வீட்டுக்காரர் மடியில் தானாக விழாது. அது அரசு நிலமாகவே நிற்கும். வேண்டுமென்றால் விண்ணப்பித்து, பிரிமியம் என்கிற நிலக் கட்டணத்தைக் கட்டி வாங்க வேண்டும். புதிதாகக் கொடுக்கும் நிலம் வழக்கமாக அதிகபட்சம் 99 வருடக் குத்தகைதான். உங்கள் பழைய வீடு நிரந்தர உரிமை என்றால், இரண்டையும் ஒரே லாட்டாகச் சேர்ப்பதில் தனியாக ஒரு தலைவலி காத்திருக்கிறது.

நடந்தால் மட்டும் பாத்தியம் வராது

தமிழ்நாட்டுப் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு 'வழிநடை பாத்தியம்', 'வண்டிப்பாதை பாத்தியம்' என்ற சொற்கள் தெரிந்திருக்கும். ஒருவருடைய நிலத்தின் வழியாக இன்னொரு நிலத்துக்காரர் போய்வருகிற உரிமை. மலேசியச் சட்டத்தில் ஈஸ்மென் என்கிறார்கள். நான் பாத்தியம் என்றே சொல்லிக்கொள்கிறேன், கேட்கிறவர்களுக்கு உடனே புரிகிறது.

இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882, இருபது வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு ஒரு வழியைப் பயன்படுத்தினால் அதுவே பாத்தியமாகிவிடும் என்கிறது. நம் பெரியவர்கள் ஊரிலிருந்து வரும்போது மிளகாய்த்தூளோடு இந்த நம்பிக்கையையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். 'அறுபது வருஷமா நடக்குறோம், யார் என்ன பண்ண முடியும்?' என்று ஜெலுத்தோங் அம்மாவும் கேட்டார்.

இங்கே அது செல்லாது. 1966 ஜனவரி 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தில் நீண்ட காலப் பழக்கத்தால் பாத்தியம் பிறக்கும் பேச்சே இல்லை. பதிவுதான் எல்லாம். கிராண்டில் குறிப்பு ஏறியிருந்தால் உரிமை. ஏறவில்லையென்றால் அது அயலார் காட்டிய தயவு. தயவு காட்டியவர் வீட்டை விற்றுவிட்டால், வாங்கியவருக்கு அந்தத் தயவோடு ஒரு சம்பந்தமும் இல்லை.

தெரு தெருவாக இருக்கும்வரை இந்தப் பிரச்சினை தலைதூக்காது. பொதுவழியில் போக யாருக்கும் பாத்தியம் தேவையில்லை. அந்தப் பொதுவழியை மூடுகிற நொடியில், அதுவரை எல்லாருக்கும் இருந்த உரிமை ஒரேயடியாகப் போய்விடுகிறது. அதற்கப்புறம் யாருக்கு என்ன மிச்சம் என்பது எழுத்தில் இருந்தால்தான் உண்டு.

ஒரு பாத்தியத்தில் இரண்டு நிலங்கள் இருக்க வேண்டும்: வழி கொடுக்கிற நிலம், வழி பெறுகிற நிலம். இது ஆளுக்கு ஆள் செய்யும் உதவியில்லை, நிலத்துக்கு நிலம் உள்ள உறவு. அதனால் ஆள் மாறினாலும், இறந்தாலும், விற்றாலும் அது நிலத்தோடு ஒட்டிக்கொண்டே போகும். படிவம் 17ஏ-வில் எழுதி, நில அலுவலகத்தில் பதிந்தால் குறிப்பு கிராண்டில் ஏறும். எல்லையும் உண்டு. போகிற வழியில் ரம்புத்தான் தொங்குகிறது என்று பறிக்க முடியாது. அந்த நிலத்திலிருந்து எதையும் எடுக்கும் உரிமை பாத்தியத்தில் சேராது. அந்த இடத்தை எனக்கே எனக்கு என்று அடைத்து வைத்துக்கொள்ளவும் முடியாது.

அப்புறம், நில நிர்வாகியே உருவாக்கிக் கொடுக்கும் வழியுரிமை ஒன்று இருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர் 'கொடுக்க மாட்டேன்' என்று முறைத்துக்கொண்டு நிற்கும்போது இதுதான் கதவு. தேசிய நிலச் சட்டத்தின் 28-ஆம் பகுதியில் வருகிறது. தனியார் வழி, பொதுவழி என்று இரண்டு வகை. வழியில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கும் நிலத்திலிருந்து பொதுச் சாலைக்கோ ஆற்றுக்கோ கடற்கரைக்கோ போக வழி வேண்டும் என்று விண்ணப்பிக்கலாம். நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமலே விசாரித்து முடிவு செய்ய நிர்வாகிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் இதை முதல் வழியாக நம்பிப் போகாதீர்கள். அயலார் சண்டையில் போய் முடிகிற பாதை இது.

தண்ணீரும் கம்பியும் கையெழுத்துப் போடாது

மனிதருக்கு வழி விடுவதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். சந்தை அதிகம் பயன்படுத்துவது மனிதரே கிடையாது.

பின்லோரோங் எதற்காக வந்தது என்று யோசித்துப் பாருங்கள். வாளிக் கக்கூஸ் காலத்தில் வீட்டின் பின்புறமாக வந்து வாளியை எடுத்துப் போக ஒரு வழி தேவைப்பட்டது. முன்வாசலில் விருந்தாளி, பின்வாசலில் வாளி. வாளி போனது, குழாய் வந்தது. அந்தக் குழாயைப் பதிக்க ஏற்கெனவே ஒரு சந்து தயாராகக் கிடந்தது. அதே வேலையைத்தான் சந்து இன்றைக்கும் செய்கிறது, மண்ணுக்கடியில்.

மழைநீர் இன்னும் மோசமான பயனாளி. 2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கைப் புரட்டிப் போட்ட வெள்ளத்துக்குப் பிறகு, 'இந்தச் சின்ன லொங்காங்கால என்ன வந்துடப் போகுது' என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. அதன்மேல் குசினித் தரை போட்டுவிட்டு, அடியில் ஒரு குழாயைச் சொருகிவிட்டால், பத்து வருடம் கழித்து அது அடைக்கும்போது யார் யாருடைய தரையை உடைப்பது?

இங்கே பாத்தியம் என்ற கருவி சரியாகப் பொருந்தாது. தண்ணீருக்கோ கம்பிக்கோ பக்கத்தில் ஒரு கிராண்ட் இல்லையே! மின்கம்பிக்கு மின்சார விநியோகச் சட்டம் 1990-இல் தனியாக ஏற்பாடு இருக்கிறது. வடிகாலுக்கு நான் பார்த்தவரையில் நல்ல வழி, அந்த 4 அடியையோ 6 அடியையோ விற்காமலே வடிகால் ரிசாபாக அரசு கையில் நிறுத்திக்கொள்வது. அதுவும் முடியாதென்றால், புதுக் கிராண்டிலேயே 'இந்தப் பகுதியில் கட்டடம் எழுப்பக் கூடாது' என்று நிபந்தனை போட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வாய்வார்த்தையாகச் சொன்ன உறுதி பைப் உடைகிற அன்றைக்கு உதவாது.

பொம்பா என்கிற தீயணைப்புப் படையையும் மறக்கக் கூடாது. வரிசை வீட்டில் முன்பக்கம் தீ என்றால் பின்பக்கம்தான் ஓட்டம். பின்கதவைத் திறந்தால் அடுத்தவர் சுவர் என்றால் அப்புறம் சொல்ல வேண்டியதில்லை.

எத்தனை அடி, என்ன வண்டி, யாருடைய சாவி

சரி, எழுதுவோம் என்று உட்கார்ந்தால் எதையெல்லாம் எழுத வேண்டும்? ஜெலுத்தோங் சந்தில் கத்துக்கொண்டதைச் சொல்கிறேன்.

பலகை வீட்டுக்கு அந்தச் சந்தைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே மூலைவீட்டுக்காரர் தன் வீட்டுக்குப் பின்னாலுள்ள துண்டை வாங்கினாலும் அம்மாவுக்கு வழி விட்டாக வேண்டும். முதல் வரைவில் 4 அடி என்று போட்டிருந்தோம். சைக்கிள் போகும், மோட்டார் போகும், போதாதா? அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வராந்தாவில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "இவரை எப்படிக் கொண்டுபோனாங்கன்னு தெரியுமா தம்பி?" என்று உள்ளே மாலை போட்ட படத்தைக் காட்டினார். சவ வண்டி சந்து வாய்க்குள் வர முடியாமல் ரோட்டிலேயே நின்றுவிட்டது. ஆறு பேர், இந்தப் பக்கம் மூணு அந்தப் பக்கம் மூணு, தோளில் பெட்டியோடு அந்தச் சந்து முழுக்க நடந்திருக்கிறார்கள். "நாலு அடியில என்னை எப்படித் தூக்குவீங்க? செங்குத்தாவா?"

வரைவை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து 10 அடி என்று மாற்றினேன். வேன் வாசல்வரை வரும்.

அகலத்தைப் போலவே உயரமும் முக்கியம். மேலே பால்கனி நீட்டினால் வழி அடைபடும். நடையா, மோட்டாரா, லோரியா என்று வகையைச் சொல்ல வேண்டும். தரை யார் செலவில் சரிசெய்வது, விளக்குக்கு யார் கரண்ட் கட்டுவது என்று எழுத வேண்டும். கேட் போடலாமா, போட்டால் சாவி யாரிடம்? ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தால் யாரை எழுப்புவது? இதெல்லாம் அற்பமாகத் தோன்றும். சண்டை வருவது இந்த அற்பத்தில்தான்.

எல்லாவற்றையும்விட எழுதும் வரிசை முக்கியம். பாத்தியத்தைக் கொடுக்க ஒரு நிலத்துக்காரர் வேண்டும். நிலம் அரசு கையில் இருக்கும்வரை அப்படி ஒருவர் இல்லை. கிராண்ட் கைக்கு வந்தபிறகோ, வாங்கியவருக்கு அவசரம் போய்விடும். 'அடுத்த மாசம் பார்க்கலாம்ணே' என்பார். அதனால் நிலத்தைக் கொடுக்கும் ஒப்புதல் கடிதத்திலேயே 'கிராண்ட் பதியும்போது இன்ன நிலத்துக்கு இத்தனை அடி வழியுரிமையும் சேர்த்துப் பதிய வேண்டும்' என்பது நிபந்தனையாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வக்கீலிடம் இரண்டையும் ஒரே நாளில் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.

நிலத்தை வாங்காமல் பயன்படுத்த மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு டி.ஓ.எல். என்கிற தற்காலிக உரிமம் இருக்கிறது. அந்தந்த வருடக் கடைசியோடு முடியும், புதுப்பிக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் போகாது. செடி வைக்க, கார் நிறுத்த சரி. அதை நம்பிச் செங்கல் வைக்கக் கூடாது.

'பயன்படாத சந்து' என்ற சொல்லையே எனக்கு இப்போது சந்தேகத்தோடுதான் கேட்கத் தோன்றுகிறது. கோலாலம்பூரில் பெட்டாலிங் ஸ்ட்ரீட்டை ஒட்டிய குவாய் சாய் ஹோங் சந்தை 2019-இல் சுத்தம் செய்து, சுவரோவியம் வரைந்து திறந்தார்கள். இப்போது கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க நிற்கிறார்கள். அதற்கு முன்னால் அதைப் பார்த்திருந்தால் நானே மூடலாம் என்று எழுதிக் கொடுத்திருப்பேன். அப்படி எழுதியிருந்தால் ஒரே ஒரு கையெழுத்தில் அது போயிருக்கும்.

மூலைவீட்டுக்காரர் கடைசியில் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பார்த்தார். 20 அடிக்கும் பிரிமியம் கட்ட வேண்டும். அதில் அம்மாவின் வழிக்கு 10 அடி, லொங்காங்குக்கும் குழாய்க்கும் 6 அடி. "அப்போ எனக்கு நாலு அடி குசினியா?" என்றார். ஆமாம் என்றேன். டீ ஆறும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார். விண்ணப்பம் கொடுக்கவேயில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். லாலாங்கை வெட்டியிருந்தார்கள், வேனைக் காணோம். ஃபிரிட்ஜ் மட்டும் அங்கேயே, இப்போது மல்லாந்து கிடக்கிறது. பலகை வீட்டு அம்மா அதில் மண் நிரப்பிக் கறிவேப்பிலை வைத்திருக்கிறார். சட்டப்படி பார்த்தால் அதுவும் அரசு நில ஆக்கிரமிப்புதான். நான் இரண்டு கொத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.